காற்றுப் போகாத டயர்களுக்கான தெரிவுக் குழு

ஆதம்பாவா செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் டயரை மாற்ற நினைத்தவர் பேசாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆள் அதைச் செய்யவில்லை. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். அதுவும் கோடு போட்ட தாளில், நல்ல தமிழில், திகதியிட்டு. இப்படியும் ஒரு மனிசன் இருப்பாரா என்று கேட்பீர்கள். பதினொரு வருடம் நிரந்தரமில்லாத அமைய ஊழியராக இருந்து பாருங்கள், தும்முவதற்கும் அனுமதி கேட்கலாமோ என்று உங்களுக்கும் தோன்றும்.

அவர் வேலை செய்தது கல்முனையில் இருக்கும் பிராந்திய இணைப்பு அலுவலகத்தில். அது எதை எதனோடு இணைக்கிறது என்று அங்குள்ளவர்களிடம் கேட்கக் கூடாது, கோபம் வரும். சம்மாந்துறையில் அதற்கொரு கிளை. கிளையில் சேரும் கடிதங்களைக் காலையில் கல்முனைக்குக் கொண்டுவருவதும், கல்முனைக் கடிதங்களைப் பின்னேரம் கிளைக்குக் கொண்டுபோவதும் ஆதம்பாவாவின் வேலை. கிளையில் இருக்கும் எழுதுவினைஞர் அஸ்கி ஏழரைக்குக் கதவைத் திறப்பான். அவனிடம் பையை வாங்கி ஒப்பம் வைத்துவிட்டு, காரைதீவுச் சந்தியால் திரும்பி, சாய்ந்தமருதைக் கடந்து, எட்டரைக்குள் கல்முனை அலுவலகத்து இயந்திரத்தில் விரலை வைத்துவிட வேண்டும். எட்டு முப்பத்தொன்று என்றால் அந்த இயந்திரம் சிவப்பு லைட்டைக் காட்டி ஒரு சத்தம் போடும். நல்லா மிதித்தால் நேரத்துக்குப் போய்விடலாம், இடையில் காற்றுப் போகாமல் இருந்தால்.

ஆனால் காற்றுப் போய்க்கொண்டேதான் இருந்தது. சம்மாந்துறைப் பக்கம் வயல் வேலி வெட்டிப் போட்ட முள். சாய்ந்தமருதுப் பக்கம் மீன் வெட்டிக் கழித்த முள். அலுவலகம் வாங்கிக் கொடுத்த டயரோ எந்த முள் வந்தாலும் உபசரித்து உள்ளே அனுப்பும் ரகம்.

மே மாதக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்து வருடம் கடந்த அமைய ஊழியர்களுக்கு டிசம்பரில் நிரந்தர நியமனம். அன்றைக்கு வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை பத்து நாளுக்கு மேல் பிந்தி வந்திருக்கக் கூடாது. ஆதம்பாவாவுக்கு டிசம்பர் இருபத்தொன்பதில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை தவறினால் இனி அவருடைய ஆயுளுக்கும் நிரந்தரம் என்ற சொல் கிடையாது. அதை அவர் மனைவி றினோஸா அவரைவிடத் தெளிவாக விளங்கிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, மத்ததெல்லாம் கிடக்கட்டும். முதல்ல அந்த டயர மாத்துங்க," என்றாள்.

அன்றைக்கே போனார், ஸப்ரியின் சைக்கிள் கடைக்கு. ஸப்ரி அவரோடு படித்தவன். டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், இத ஆரு வாங்கித் தந்த? அப்பளம் இதவிடத் தடிப்பு." ஏணியில் ஏறி ஒரு டயரை இறக்கினான். "இத நுள்ளிப் பாரு, நடுவால. தடிப்புத் தெரியுதா? உள்ளுக்கு ஒரு பட்டி வெச்சிரிக்கான். முள்ளு றப்பரக் கடந்தாலும் பட்டியில நிண்டுரும். பூ கனக்க வெட்டின டயர எடுக்காத, வெட்டுக்குள்ள கல்லும் ஆணியும் போய்க் குந்தும். தார் ரோட்டுக்கு மழுமழுண்டு இரிக்கிறதுதான் நல்லம். பழைய டியூப் ஒண்ட நீட்டுக்கு வெட்டி உள்ளுக்கு விரிச்சும் உடுறன். காத்த மட்டும் கொறைய உடாத, காத்துக் கொறஞ்ச டயர்லதான் முள்ளு லேசா ஏறும். அரை மணித்தியாலம் இரி, போட்டுத் தாறன்."

அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்க வேண்டிய விசயம்.

"இது அரசாங்கச் சைக்கிள் மச்சான். ஒரு சொல்லுக் கேக்காம எப்படிப் போடுற?" என்றார் ஆதம்பாவா.

கடிதத்தில் அவர் எழுதியது இரண்டே வரி. தற்போதுள்ள டயர்கள் வீதிக்கு உகந்தனவல்ல. என் சொந்தச் செலவில் நல்ல டயர்கள் பூட்டிக்கொள்ள அனுமதி தருக.

பிரதிப் பணிப்பாளர் அப்துல் ஸமட் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இருக்கச் சொன்னார். பதினொரு வருடத்தில் அந்தக் கதிரையில் ஆதம்பாவா இருந்தது அன்றைக்குத்தான். நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று நினைத்தார் மனிசன்.

"ஆதம்பாவா, மிச்சம் நல்ல கடிதம். நான் மூணு தரம் வாசிச்சன். ஆனா ஒரு சிக்கல் இரிக்கி. சைக்கிள் அரசாங்கத்துட. டயர் உங்கட. றோட்டில படுறது டயர் மட்டுந்தான். அப்ப றோட்டில போறது ஆரு? அரசாங்கமா, நீங்களா?"

"நான்தான் சேர் போற."

"பாத்தீங்களா! அப்ப அரசாங்கம் போகல்ல. அரசாங்கக் கடிதம் தனியார் டயர்ல போகுது. நாளைக்குக் கணக்காய்வு வந்து கேட்டா நான் என்ன சொல்ற?"

ஆதம்பாவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் தலையை ஆட்டினார்.

"ஆனா உங்கட பிரச்சினைய நான் சும்மா உடமாட்டன். டயர நாமளே தெரிவு செய்வம். இண்டைக்கே குழு ஒண்டு போடுறன்," என்றார் பிரதிப் பணிப்பாளர். ஆதம்பாவா எழும்பிக் கதவடிக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "பின்ன, ஒரு சின்ன விசயம். இந்த டயர் வீதிக்கு உகந்ததில்ல எண்டு எழுத்தில தந்திரிக்கீங்க. இனி நீங்க அதில ஏறி விழுந்தா பொறுப்பு எனக்கு. தெரிவு முடியும் வரைக்கும் ஏற வேணாம்."

"அப்ப கடிதப் பை சேர்?"

"சைக்கிள்லதான் வரணும். அரச கடிதம் அரச வாகனத்தில. நீங்க உருட்டிட்டு வாங்க."

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவக்கொழுந்து, வீரமுனைக்காரர், சொன்னதைச் செய்து முடிக்கும் மனிசர், ஒரு வெள்ளைத் தாள் பட்டியைச் சைக்கிள் சீற்றுக்குக் குறுக்கே ஒட்டி, அதன்மேல் அலுவலக முத்திரையைக் குத்தி, ஒப்பமும் வைத்துவிட்டார். சீற்றில் ஏறி இருந்தால் பட்டி கிழியும். நாளாந்தம் காலையில் பட்டியைப் பார்வையிடும் பொறுப்பு முகாமைத்துவ உத்தியோகத்தர் நதீராவுக்கு.

இனி கணக்கைப் பாருங்கள். ஏழரைக்குக் கிளை திறக்கும். சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் எந்தக் கால்காரனும் ஒன்பதே காலுக்கு முந்திப் போய்ச் சேர மாட்டான். முதல் நாளே இயந்திரம் சிவப்பைக் காட்டிச் சத்தம் போட்டது. ஆதம்பாவாவின் முகம் செத்துப்போயிற்று.

"பயப்படாதீங்க காக்கா," என்றாள் நதீரா. "பிந்தல் புத்தகத்தில காரணத்த எழுதுங்க. டயர் தெரிவு முடியல்ல எண்டு. குழுவே நம்மட ஒபிஸ்ட குழுதானே? இதவிட நல்ல காரணம் ஆருக்குக் கிடைக்கும்?"

அது சரியாகத்தான் பட்டது. ஒவ்வொரு நாளும் எழுதினார்.

குழுவின் முதல் கூட்டம் ஜூன் நடுப்பகுதியில் கிராஅத் ஓதலுடன் ஆரம்பமானது. டயர் என்பது நல்ல தமிழ் இல்லை, ஆகவே சில்லுறை என்று வழங்குவது என்ற தீர்மானம் லுஹர் தொழுகைக்கு முன்பே நிறைவேறியது. தொழுகைக்குப் பிறகு ஆதம்பாவாவை அழைத்து, இதுவரை காற்றுப் போனதற்கான காரணத்தைக் கேட்டார்கள்.

"முள்ளு சேர்," என்றார்.

பிரதிப் பணிப்பாளர் எழுதினார். சிவக்கொழுந்து கையை உயர்த்தினார்.

"முள்ளெண்டா எந்த முள்ளு சேர்? மர முள்ளா, மீன் முள்ளா?"

ஆதம்பாவா உண்மை பேசுகிறவர், அதுதான் அவருக்குப் பிடித்த வியாதி. "ரெண்டும் குத்தும் சேர். இஞ்சால வேலி முள்ளு. சாய்ந்தமருதில கெளுத்தி முள்ளு."

"அது பெரிய சிக்கல்," என்றார் பிரதிப் பணிப்பாளர், மகிழ்ச்சியாக. "மர முள்ளெண்டா விவசாயப் பகுதி கருத்துச் சொல்லணும். மீன் முள்ளெண்டா கடற்றொழில் பகுதி. நாம தன்னிச்சையா எந்த முள்ளிலயும் கை வெக்க ஏலாது."

சைக்கிள் பராமரிப்புச் சுற்றறிக்கையின் சிங்கள மூலத்தைப் பார்க்கலாம் என்று நதீரா சொன்னாள். பார்த்தார்கள். அங்கே 'கட்டுவ' என்று இருந்தது. சிங்களத்திலும் மர முள்ளுக்கும் மீன் முள்ளுக்கும் அந்த ஒரே சொல்தான். போதாததற்கு மணிக்கூட்டு முள்ளுக்கும் அதே சொல்தான் என்று சிவக்கொழுந்து கண்டுபிடித்துச் சொன்னார்.

"பாருங்க," என்று பிரதிப் பணிப்பாளர் ஆதம்பாவாவைப் பார்த்துச் சொன்னார், "நீங்க ஒரு முள்ளெண்டீங்க. இப்ப மூணு வந்து நிக்கிது. ஒரு நிருவாகி எவ்வளவு தூரம் யோசிக்கணும் எண்டு இப்பயாவது விளங்குதா?"

விவசாயப் பகுதிக்கும் கடற்றொழில் பகுதிக்கும் கடிதங்கள் போயின. மாதிரி முள் அனுப்புமாறு இரண்டு பகுதியும் கேட்டன. மாதிரி முள் பொறுக்கும் வேலை யாருக்கு விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளை உருட்டியபடி ஒரு கையால் ரோட்டோரத்தில் முள் பொறுக்கி, தனித்தனிக் கடித உறையில் போட்டு, உறையின்மேல் பொறுக்கிய இடத்தையும் எழுதினார் ஆதம்பாவா. ஜூலை போனது.

ஊர்ச் சனம் ஒரு பக்கம். "காத்துப் போயிட்டா காக்கா? வாங்க, அடிச்சு உடுறன்," என்று காரைதீவுச் சந்தியில் ஒருவர். "பம்பு தரட்டா?" என்று மாளிகைக்காட்டில் இன்னொருவர். நல்ல மனிசர்கள்தான், கேட்காமல் போனால் பாவம் என்று நினைக்கிறவர்கள். ஸப்ரி ஒரு நாள் வந்து டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். காற்று கல்லுப் போல நின்றது.

"என்னத்துக்குடா உருட்டுற?"

"ஒபிஸ்ல தெரிவு நடக்குது மச்சான்."

ஸப்ரி பையைத் தூக்கித் தன் மோட்டார் சைக்கிளில் வைக்கப் போனான். ஆதம்பாவா பதறி அதைப் பறித்துக்கொண்டார்.

றினோஸாவுக்கு ஒரு யோசனை வந்தது. "சீற்றுக்குத்தானே சீல்? பெடலுக்கு இல்லயே. நிண்டு மிதிங்களன்."

ஒரு நாள் அதையும் செய்து பார்த்தார். தொழில் கிடைக்க வேண்டுமே, வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? சம்மாந்துறையிலிருந்து நின்றபடியே மிதித்தார். முழங்கால் இரண்டும் கழன்று விழுவது போல இருந்தது. எட்டு இருபத்தெட்டுக்கு விரல் வைத்தார். இயந்திரம் பச்சையைக் காட்டியது. அன்று ஊரெல்லாம் அவருக்கு அழகாகத் தெரிந்தது. பத்து மணிக்கு நதீரா பட்டியைப் பார்வையிட வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தாளின் ஓரம் காற்றில் படபடத்து ஒரு நூல் அளவு கிழிந்திருந்தது.

"காக்கா, நான் எழுதாட்டி எனக்குப் பிரச்சினை," என்று உண்மையிலேயே வருத்தப்பட்டு எழுதினாள். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அரச முத்திரையைச் சேதப்படுத்தியமை. இரண்டாவது கிடைத்தால் நியமனப் பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். அதற்குப் பிறகு அவர் நின்றும் மிதிக்கவில்லை.

இருந்தும் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார்: டயர் வேண்டாம், பழைய டயரிலேயே ஏறி வர அனுமதி தந்தால் போதும். ஒரு விடயம் குழுவின் பரிசீலனையில் இருக்கும்போது அதே விடயம் பற்றி இன்னொரு கடிதம் ஏற்கப்படாது என்று பதில் வந்தது. பதில் வந்த பையைச் சுமந்து வந்ததும் அவர்தான்.

செப்டெம்பரில் கொழும்பிலிருந்து நான்கு மாதிரி டயர்கள் வந்தன. பரிசோதனை நாளன்று அலுவலகத்துக்கு முன்னால் பதாகை கட்டி, மாகாணத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ரோல்ஸும் கேக்கும் தேத்தண்ணியும் இருந்தன. ஆதம்பாவா பொறுக்கிய முள்ளெல்லாம் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது, விவசாய முள் ஒரு பக்கம், கடற்றொழில் முள் மறுபக்கம். பெரியவர் ஒவ்வொரு டயராகப் பலகையில் வைத்துக் கையால் அழுத்தினார். டியூப் வாங்குவதற்கு அனுமதி கிடைக்காததால் டயர்கள் வெறுமையாக இருந்தன. வெறும் டயரிலிருந்து காற்று எப்படிப் போகும்? நான்கும் சித்தியடைந்தன. சபை கைதட்டியது.

"காற்றுப் போகாத ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்புவதே எங்கள் நோக்கம்," என்றார் பெரியவர். "இன்றைக்கு ஒரு டயர். நாளைக்கு இரண்டு டயர். இப்படித்தான் ஒரு சைக்கிள் முன்னேறுகிறது."

ஆதம்பாவாவும் கைதட்டினார். சித்தியடைந்த டயர்களில் ஸப்ரி காட்டிய அதே பட்டி வைத்த டயரும் இருந்தது. இன்றைக்குப் பூட்டித் தருவார்கள், நாளைக்கு ஏறலாம் என்று அந்த மனிசனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்ததும் நான்கு டயர்களையும் சிவக்கொழுந்து கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இது மாதிரி காக்கா. மாதிரியப் பாவிச்சா பேந்து மாதிரிக்கு என்ன செய்யிற? நாலும் பாஸாயிட்டு, அதில ஒண்டத் தெரிவு செய்யிறதுக்கு உபகுழு ஒண்டு போடுவம்."

அக்டோபரில் மழை பிடித்தது. சீற்றில் ஒட்டிய தாள் நனைந்தால் கதை முடிந்துவிடும் என்று குடையைச் சீற்றுக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்து நனைந்து சைக்கிளை உருட்டினார். மாவடிப்பள்ளித் தாம்போதியில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் முழங்காலுக்கு ஏறிய அன்று சைக்கிளைத் தோளில் தூக்கி, குடையை அதற்குப் பிடித்து, பையைத் தலையில் வைத்து நடந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் பிழை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தபோது றினோஸா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள்.

"உடுங்க. அந்த வேலையும் வேணாம், ஒண்டும் வேணாம்."

"இன்னும் ஒரு மாசம் புள்ள. காரணமெல்லாம் எழுதியிரிக்கன். அவங்கட குழுதானே, அவங்களுக்குத் தெரியாதா?"

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி இறுதிக் கூட்டம். காலையில் குழு அறிக்கை, அதைத் தொடர்ந்து நியமனங்கள். ஆதம்பாவா பெருநாளைக்கு எடுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்.

பிரதிப் பணிப்பாளர் எழுந்து அறிக்கையை வாசித்தார். "குழு ஆறு மாத காலம் இரவு பகலாக ஆராய்ந்தது. இக்காலப் பகுதியில் பிரஸ்தாப சைக்கிள் நாள்தோறும் சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் இடையில், விவசாய முள்ளும் கடற்றொழில் முள்ளும் நிறைந்த வீதியில், மழையிலும் வெள்ளத்திலும் பயணித்துள்ளது. ஒரு தடவையேனும் காற்றுப் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே தற்போது பூட்டப்பட்டிருக்கும் சில்லுறைகளே உறுதிமிக்கவை, முள் தாங்கக்கூடியவை எனக் குழு ஏகமனதாகத் தெரிவு செய்கிறது. புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை."

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. ஆள் ஏறாத சைக்கிளை, ஒரு கையால் பிடித்து, கண் பார்த்து ஓரத்தால் உருட்டிப்போனால் அப்பளத்துக்கும் காற்றுப் போகாது. அதை யார் சொல்வது? ஆதம்பாவா சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவருடைய பைல் மேசைக்கு வந்துவிட்டது.

"நூற்றுப் பதினொரு நாள் பிந்தியிரிக்கீங்க," என்றார் பிரதிப் பணிப்பாளர், பக்கங்களைப் புரட்டியபடி. "காரணம் டயர். காரணம் டயர். இதிலயும் டயர். ஆதம்பாவா, அஞ்சு நிமிசத்துக்கு முந்தி இந்தச் சபை என்ன தீர்மானிச்ச? இந்த டயர்ல ஒரு குறையும் இல்ல எண்டு. அப்ப நீங்க ஏன் பிந்தின?"

"சேர்... ஏற வேணாமெண்டு நீங்கதானே சொன்ன. சீலும் வெச்சீங்களே சேர்."

"சீல் வெச்சது சீற்றுக்கு. இது டயர்ர பைல். சீற்றப் பத்தி இதில ஒரு வரி இல்ல. ஏற வேணாமெண்டு நான் எழுத்தில தந்தனா?"

அவர் தரவில்லை. எழுத்தில் கொடுத்தது ஆதம்பாவா மட்டும்தான்.

"நான் இரக்கமில்லாத ஆளில்ல," என்று ஒரு தாளைத் தள்ளினார் பிரதிப் பணிப்பாளர். "வேற காரணம் இரிந்தா எழுதித் தாங்க, பார்ப்பம்."

ஆதம்பாவா தாளைப் பார்த்தார். நதீராவைப் பார்த்தார், அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன எழுத? நடந்ததைத்தான் எழுதினார்: நடந்து வந்தபடியால்.

பிரதிப் பணிப்பாளர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

"அரசாங்கம் உங்களுக்குச் சைக்கிள் தந்திரிக்கி. அதில குழுவே தெரிஞ்சு எடுத்த டயர் கிடக்குது. அதையும் கையில பிடிச்சிட்டு நீங்க நடந்தா வந்தீங்க? நதீரா மிஸ், எழுதுங்க. நிரந்தர நியமனத்துக்குத் தகுதியில்லை. அரச வாகனத்தைப் பயன்படுத்தாமல் விட்டமைக்கு விளக்கமும் கோருக."

கடிதம் தட்டச்சாகி ஒப்பமாகியது. ஆதம்பாவா கையை நீட்டினார்.

"கையில தர ஏலாது," என்றார் பிரதிப் பணிப்பாளர். "உங்கட விலாசம் சம்மாந்துறைக் கிளைக்குக் கீழ வருது. முறையாப் பைக்குள்ள போகட்டும்."

வெளியே சிவக்கொழுந்து பிளேட்டால் சீற்றுப் பட்டியை வெட்டி எடுத்து, பசையையும் துணியால் துடைத்துவிட்டு நின்றார். "இனி ஏறி ஓடலாம் காக்கா. டயர் பாஸாயிட்டு," என்றார், நல்ல மனதோடு.

ஆதம்பாவா பையைக் கட்டிக்கொண்டு ஏறினார். ஆறு மாதத்துக்குப் பிறகு இருந்து மிதிக்கிறார். சாய்ந்தமருதில் யாரும் காற்றுப் போய்விட்டதா என்று கேட்கவில்லை. காரைதீவும் மாவடிப்பள்ளியும் எப்போது கடந்தன என்று அவருக்கே தெரியாது. கிளைக்குள் நுழையும்போது நான்கு மணியும் ஆகியிருக்கவில்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றான் அஸ்கி. "இண்டைக்குத்தான் காக்கா நேரத்தோட வந்திரிக்கீங்க." பையைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "உங்களுக்கும் ஒண்டு வந்திரிக்கி. பதிவுத் தபால். ஒப்பம் வெச்சிட்டு எடுங்க."

பதிவேட்டில் திகதியும் நேரமும் போட்டு, பக்கத்தில் 'தாமதமின்றிக் கிடைத்தது' என்று எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினான். ஆதம்பாவாவுக்குக் கண் நிறைந்து கோடு தெரியவில்லை. அஸ்கி விரலை வைத்து இடத்தைக் காட்டினான். அவர் ஒப்பம் வைத்தார்.